தெரசாவின் இரண்டு பெட்டிகள்

தெரசா வாங்கிய எந்தப் பொருளும் திறக்கப்படாமல் ஒரு வாரம் தாண்டியதில்லை. மிக்ஸி வந்த அன்றைக்கே அடிமூடியைக் கழற்றி, உள்ளே என்ன சுற்றுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் சட்னி அரைத்தாள். தையல் மெஷினுக்கு மோட்டார் மாட்டியபோதும் அதே கதைதான். அவள் கணவன் டேவிட்ராஜ் மினி பஸ் ஓட்டுகிறவர். புதிதாக எதையாவது வாங்கி வந்தால் முதல் வேலையாக ஸ்க்ரூ டிரைவரை ஒளித்து வைத்துவிடுவார்.

நல்லம்பள்ளிக்குப் பக்கத்துக் கிராமம் அவர்களுடையது. ஊருக்கெல்லாம் ஜாக்கெட் தைத்துக் கொடுப்பது தெரசாவின் பிழைப்பு. வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் நிலம் உண்டு. ஒரு வருஷம் பூசணிக் கொடி மஞ்சள் மஞ்சளாகப் பூத்துத் தள்ளியது. காய் மட்டும் பிடிக்கவில்லை. தேனீ வந்தால் பிடிக்கும் என்று யாரோ சொல்ல, தேனீ வளர்ப்புப் பயிற்சிக்குப் போய் ஒரு தேனீப் பெட்டி வாங்கி வந்தாள். பூசணி காய்த்தது. ஆனால் அதற்குள் அவளுக்குப் பூசணியே மறந்துபோயிருந்தது. பெட்டிக்கு முன்னால் முக்காலி போட்டுக்கொண்டு, ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்தபடி, போகிற வருகிற ஈக்களையே பார்த்துக்கொண்டிருப்பாள். கூட்டம் பெருத்ததும் பாதியைப் பிரித்து இரண்டாவது பெட்டியில் வைத்தாள். தென்னை மரத்தடியில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன.

போன மாசி மாதத்தில் ஒரு காலை நேரம், இரண்டு பெட்டியிலும் தேன் எடுத்தாள். பழைய பெட்டித் தேன் நல்லெண்ணெய் நிறத்தில் தெளிவாக இறங்கியது. புதுப் பெட்டியில் இருந்து வந்ததோ காபி டிகாஷன் மாதிரி கன்னங்கரேலென்று இருந்தது.

"என்னாங்க, இங்க வந்து இத பாருங்க!"

டேவிட்ராஜ் விரலால் தொட்டு நக்கிப் பார்த்தார். "அதிரசப் பாகு மாதிரி இல்ல இருக்குது? வெல்லம் எதுனா போட்டியா?"

"நான் எதுக்குங்க போடப் போறேன்? இப்பத்தான பெட்டியில இருந்து எடுத்தேன்."

"அப்ப அதுங்களுக்கு ஏதோ சீக்கு. வுடு, தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கிக்கலாம்."

தெரசாவுக்கு விடத் தெரியாது. தேனடை பழசானால் தேன் கறுக்குமோ என்று நினைத்து, பழைய அடையை எடுத்துவிட்டுப் புது மரச்சட்டம் வைத்தாள். ஈக்கள் வெள்ளை வெளேரென்று புது அடை கட்டின. அதிலும் கறுப்புத் தேனையே நிரப்பின. ராணி வேறு என்பதாலோ என்றால், புதுப் பெட்டியின் ராணி பழைய பெட்டியிலேயே பிறந்தவள். ஒரே குடும்பம், ஒரே மரத்தடி, அதே வெயில். பின் எப்படி?

இதற்கு நடுவில், ருசி பார்க்கச் சசிகலாவுக்குக் கொடுத்த கறுப்புத் தேன் பாட்டில் திரும்பி வந்தது. சசிகலா பாப்பாரப்பட்டிக்காரி, தெரசாவிடம் வருஷக்கணக்காகத் துணி தைக்கக் கொடுப்பவள்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. எங்க வூட்டுல எல்லாரும் இது வெல்லப்பாகுன்னு சொல்றாங்க. நீங்க கலந்திருக்க மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும். ஆனா இது என்னான்னு நீங்களே சொல்லுங்க."

"தெரிஞ்சா சொல்ல மாட்டேனா? எனக்கே தூக்கம் வரல சசி," என்றாள் தெரசா.

அன்றிலிருந்து முக்காலியில் உட்கார்ந்தவள் கொக்கி தைப்பதை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தாள். பார்க்கப் பார்க்க ஒன்று புலப்பட்டது. பழைய பெட்டியின் ஈக்கள் கரண்ட் கம்பிக்குக் கீழே தாழ்வாகப் பறந்து, வடக்கே முருங்கைத் தோட்டத்துக்குப் போயின. புதுப் பெட்டியின் ஈக்கள் வாசலை விட்டதும் மேலே எழும்பி, தென்னை மட்டைக்கு மேலாக ஏரிக்கரைப் பக்கம் போயின. அந்தப் பக்கம் இந்த மாதத்தில் என்ன பூக்கிறது? அவளுக்குத் தெரிந்து ஒன்றும் இல்லை.

சமையலறையிலிருந்து மைதா மாவை எடுத்து வந்து புதுப் பெட்டி வாசலில் தூவினாள். வெளியே வந்த ஈக்கள் எல்லாம் பவுடர் போட்டுக்கொண்டு கிளம்பின. தெரசா செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். ஏரிக்கரை ஏறுவதற்குள் எல்லாம் மறைந்துவிட்டன. கரைமேல் மூச்சு வாங்க நின்றபோது காற்று எதிரிலிருந்து அடித்தது. கரும்புச்சாறு கொதிக்கிற வாசனை. பாட்டிலைத் திறந்தால் வருகிற அதே வாசனை.

கரைக்கு அப்பால் கோவிந்தனின் ஆலைக்கொட்டாய் இருந்தது. கோவிந்தன் அந்தப் பக்கத்து விவசாயி. தன் கரும்பையும் சுற்றியுள்ளவர்கள் கரும்பையும் ஆட்டி வெல்லம் காய்ச்சுகிறவர். பெரிய கொப்பரையில் சாறு நுரைத்துக்கொண்டிருந்தது. கொதிக்கும்போது மேலே திரளும் அழுக்கை வழித்து ஒரு தொட்டியில் கொட்டியிருந்தார்கள். தொட்டி விளிம்பு முழுக்க ஈக்கள். தெரசா குனிந்து பார்த்தாள். அவற்றில் ஒன்றின் முதுகில் வெள்ளையாக மாவு ஒட்டியிருந்தது.

"அடி கள்ளிங்களா!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டாள். சிரிப்பு வந்தது. அடுத்த நொடியே சாறு பிடிக்கும் பேரலைப் பார்த்து அடங்கிப்போனாள். அதில் செத்த ஈக்கள் கை கையாய் மிதந்தன.

கோவிந்தன் வியர்வையைத் துடைத்தபடி வந்தார். "ஏம்மா, இது உன் வூட்டு ஈங்களா? நல்லா இருக்குது போ! தெனம் ரெண்டு பேரையாவது கொட்டிருது. ஆளுங்க வேலைக்கு வர மாட்டேங்கறாங்க. இன்னிக்கு மருந்து கலந்து வெச்சுரலாம்னு இருக்கறேன்." கொட்டாய் ஓரத்தில் பாகு ஊற்றிய தட்டும், அதன் பக்கத்தில் பூச்சிமருந்து டப்பாவும் தயாராக இருந்தன.

தெரசா தட்டுக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றாள். "அண்ணா, வேணாங்கண்ணா. இதைக் குடிச்சிட்டு அது பெட்டிக்குத்தான் வரும். மொத்தக் கூடும் போயிரும். நான் பெட்டிய எடுத்துக்கறேன், இன்னிக்கே எடுத்துக்கறேன்."

"எடுத்தா வராதா?"

"பக்கத்துல வெச்சா பழைய எடத்தைத் தேடி வந்துரும். தூரமா கொண்டு போயிட்டா வராதுங்க. ஆனா நீங்களும் பேரலுக்கு ஒரு கொசுவலை போடுங்க. என் ஈங்க போனாலும் காட்டு ஈங்க வரும் இல்ல?"

கோவிந்தன் மருந்து டப்பாவைக் கொட்டாய்க் கூரையில் செருகினார். "செத்த ஈய வடிகட்டறதே ஒரு வேலையா இருக்குது. சரி, வலைய நீயே தெச்சுக் குடு," என்றார்.

பொழுது சாய்ந்து ஈக்கள் அடைந்ததும் பெட்டி வாசலைக் கம்பிவலையால் அடைத்தார்கள். டேவிட்ராஜ் குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தார். பெட்டி பாப்பாரப்பட்டிக்குப் போனது. சசிகலாவின் வயலில் விதைக்காக விட்ட கொத்தமல்லி வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. பாட்டிலில் இருந்தது என்னவென்று தெரிந்துகொண்ட சந்தோஷத்தில் சசிகலாவே வரப்போரம் கல் அடுக்கி இடம் செய்து வைத்திருந்தாள். மறுநாள் தெரசா கொசுவலையை நான்கு மடிப்பு ஓரத்தோடு தைத்து ஆலைக்கொட்டாய்க்குக் கொண்டு போனாள்.

கறுப்புத் தேனை அவள் விற்கவில்லை. தேனீ எடுத்து வந்ததுதான், அடையில் இருந்ததுதான். ஆனால் பூவிலிருந்து வராததைத் தேன் என்று சொல்லிக் கொடுக்க அவளுக்கு நாக்கு வரவில்லை. மழைக்காலத்தில் பூ இல்லாதபோது ஈக்களுக்கே வைக்கலாம் என்று மூடி வைத்தாள்.

அவள் மனதை அரித்தது வேறு. பழைய பெட்டியின் ஈக்கள் ஏன் ஆலைக்குப் போகவில்லை? பயிற்சி கொடுத்த ஆபீசருக்கு போன் போட்டாள். இரை தேட முன்னால் போகிற ஈக்கள் எதைக் கண்டுபிடிக்கின்றனவோ அதை ஆடிக் காட்டித் தம் கூட்டுக்குச் சொல்லும், கூடு மொத்தமும் அங்கேயே போகும், பக்கத்துக் கூட்டுக்கு அது தெரியாது என்று அவர் சொன்னார்.

"அப்ப முருங்கைப் பூவ முதல்ல பார்த்தது எந்த ஈங்க சார்?"

"அது எனக்கு எப்படிம்மா தெரியும்?" என்று சிரித்தார் அவர்.

கொத்தமல்லித் தேன் பங்குனியில் வந்தது. இளமஞ்சள் நிறம். நாக்கில் வைத்ததும் இனிப்பு. விழுங்கிய பிறகு தொண்டையில் மெல்லிய காரம்போல ஒன்று. வரப்பிலேயே ஒரு கரண்டி நக்கிவிட்டுச் சசிகலா கண்ணை மூடிக்கொண்டாள். "ரசத்துல தழை கிள்ளிப் போட்டா வருமே, அந்த வாசம் வருதுக்கா."

"நெசமாவா? இல்ல, வயல்ல நின்னு குடிக்கறதால அப்படித் தோணுதா?"

"அட, குடிச்சிட்டுச் சொல்லுங்கக்கா."

தெரசா இன்னொரு கரண்டி எடுத்தாள். வயலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒருமுறையும் விட்டுவிட்டு ஒருமுறையும் ருசி பார்த்தாள். வாசம் இருந்தது. அப்புறம் சாலையோரத்து வேப்பமரத்தை நிமிர்ந்து பார்த்தாள். கிளை நுனிகளில் மொட்டு திரண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நாளில் அது பூத்தால் தேன் கசக்குமோ, கசக்காதோ?