கரையில் மொண்ட ஐந்து பாட்டில்

தாபோடியில் அமல்ராஜ் அண்ணனைப் பற்றிக் கேட்டால், "பாலத்துல பாட்டில் இறக்குறவரா?" என்பார்கள். ஆறு எவ்வளவு மண் கொண்டுபோகிறது என்று அளப்பதுதான் முப்பத்தொரு வருஷமாக அவர் வேலை. அந்த மண்ணை வடிகட்டி, காயவைத்து, நிறுப்பது என் வேலை. என் பெயர் சரசா. அந்த மனுஷனின் நேர்மையைக் கிராம் கணக்கில் பார்த்தவள் நான். அவரைப் பற்றி எழுத என்னைவிட யாருக்கு உரிமை?

அவருடைய அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வடக்கே தாபோடியை ஒட்டிய கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலைக்கு வந்தவர். அண்ணன் பிறந்ததும், மனைவி ஷீலா மதினியோடு வாழ்ந்ததும் முளாவும் பவனாவும் சேரும் இடத்தை ஒட்டிய சந்தில். இரண்டு ஆறு முட்டிக்கொள்ளும் இடத்தில் தண்ணீர் வேகம் குறையும், சுமந்து வந்ததைக் கீழே போட்டுவிடும். படுகை ஒரு சாண் உயர்ந்தால் வெள்ளமும் ஒரு சாண் உயர்ந்து வீட்டுக்குள் வரும்.

மலையில் உடைந்த கருங்கல் உருண்டு தேய்ந்து மணலாகிறது. மணல் கனமானது, ஆற்றின் அடியோடுதான் நகரும். களிமண் கலங்கலாக மிதந்து உஜனி அணை வரைக்கும் போகும். அதனால் மேல் தண்ணீரை மொண்டுவந்து அளந்தால் அது பாதிப் பொய். பாலத்திலிருந்து கயிற்றில் பாட்டிலை அடிவரை ஒரே சீராக இறக்கி, அதே சீரில் தூக்க வேண்டும். வேகம் மாறாமலிருக்க அண்ணன் ஒரு வழி வைத்திருந்தார். இறக்கும்போது ஒரு அருள்நிறைந்த மரியே, தூக்கும்போது ஒன்று. பாலத்தில் ஐந்து இடம், பத்து ஜெபம். "மாதாவையும் வேலைக்கு வெச்சுட்டீங்களே அண்ணே" என்று கேலி செய்வேன். சிரிப்பார்.

இந்த ஜூனில் அவருக்கு ஓய்வு. கடைசி வாரத்தில் எங்கள் இன்ஜினியர் சுப்ரஜா ஒரு அறிக்கையோடு வந்தாள். கோயமுத்தூர்ப் பெண், வாகட் பகுதியில் வீடு. சந்துக்குக் கீழே ஆற்றைத் தூர்வார வேண்டுமா என்று மேலிடம் கேட்டிருந்தது.

"தேவையில்லைன்னுதான் வருதுங்கண்ணா. 2019 ஆகஸ்ட் வெள்ளம்தான் நம்மகிட்ட இருக்கறதுலயே பெருசு. அன்னைக்கு உங்க அஞ்சு பாட்டில்லயும் மணலே இல்லீங்க. அந்த வெள்ளத்துலயே வரலைன்னா, அங்க என்னங்க படியப் போகுது?"

அந்த ஐந்தையும் வடிகட்டியவள் நான். சல்லடையில் ஒரு பொடி மணல்கூட நிற்கவில்லை. கரையில் மொண்ட தண்ணீர் என்று அப்போதே தெரிந்துவிட்டது. ஆனால் அன்று மத்தியானம்தான் ஷீலா மதினி ஆஸ்பத்திரியில் இறந்த செய்தி வந்தது. எண்ணை எழுதிவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

சுப்ரஜா போனதும் அண்ணன், "சொல்லிரணும் சரசா" என்றார்.

"சும்மா இருங்கண்ணே. ஒரு நாள் தப்புன்னா மத்த நாளை யாரு நம்புவா? முப்பத்தொரு வருஷமும் போயிரும்."

"அந்த மணல் எங்க கெடக்குன்னு எனக்குத் தெரியும். பவுனு வீட்டு வாசலுக்குக் கீழதான் கெடக்கு. அடுத்த வெள்ளத்துக்கு அந்தப் பிள்ளைங்க எங்க போகும்?"

பவுன் அவருக்கு அடுத்த வீட்டுக்காரி, மூன்று குழந்தைகள்.

மறுநாள் சுப்ரஜாவின் மேஜைக்கு முன்னால் நின்று சொல்லிவிட்டார். "பாலத்துக்குப் போகல மேடம். கரையிலயே அஞ்சையும் மொண்டு வச்சுட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அப்படியும் அவள உயிரோட பாக்கல."

அவள் நான் பயந்ததையே கேட்டாள். "வேற நாள்லயும் இப்படி நடந்துச்சுங்களா?"

"இல்ல."

"அதை நான் எப்படிங்க நம்பறது?"

கேட்க வேண்டிய கேள்விதான். இருந்தும் அவளை அறையலாம் போலிருந்தது. "மழைக்காலத்துல சல்லடை காலியா இருந்தது அந்த ஒரு நாள்தான்" என்றேன். "அன்னைக்கே தெரியும், நானும் மறைச்சேன். என் பேரையும் எழுதுங்க."

இரண்டு நாள் உட்கார்ந்து எல்லா வெள்ள நாளையும் புரட்டிப் பார்த்தாள். எல்லாவற்றிலும் மணல் இருந்தது. அந்த எண்ணை அடித்துவிட்டு, தூர்வார வேண்டும் என்று அறிக்கையை மாற்றினாள். எங்கள் இருவருக்கும் விளக்கம் கேட்டு ஓலை வந்தது. அண்ணனுக்கு நடக்கவிருந்த பாராட்டுக் கூட்டமும் நின்றுபோனது. அதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் அடங்கவில்லை.

விளக்கத்தில் அண்ணன் எழுதியது இரண்டே வரி. கரையில் எடுத்தது. தவறு என்னுடையது.

"மதினி விஷயத்தையும் எழுதுங்கண்ணே. மனுஷங்கதானே, புரிஞ்சுக்குவாங்க."

பேனாவை மூடிவிட்டார்.

"அவமேல எப்படிப் போடுவேன் சரசா? அன்னைக்குக் காலையில போன்ல பேசினா. 'தண்ணி கூடியிருக்காமே, மொதல்ல பாலத்துக்குப் போயிட்டு வாங்க'ன்னுதான் சொன்னா."