பெட்டி வண்டியும் திறந்த வண்டியும்

என் கொழுந்தனும் நானும் பேசிக்கொள்வதில்லை. சொத்துத் தகராறு என்று உறவுக்காரர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் நாங்கள் பிரிந்தது பேட்டரி வண்டி ஒன்று வாங்கப் போய்.

பம்மலில் எங்களுக்குக் கண்ணாடி, அலுமினியக் கடை இருக்கிறது. ஜன்னல், குளியலறைத் தடுப்பு, நிலைக்கண்ணாடி எல்லாம் அளவெடுத்துச் செய்து வீட்டிலேயே கொண்டுபோய் மாட்டித் தருவோம். என் கணவர் தொடங்கிய கடை. அவர் மாரடைப்பில் போன பிறகு உரிமம், வங்கிக் கணக்கு எல்லாம் என் பெயருக்கு வந்தன. அவருடைய தம்பி வேலைகளைப் பார்த்துக்கொண்டான். கடைக்கு வருகிறவர்கள் கல்லாவில் இருக்கும் என்னைத் தாண்டிப் போய் அவனிடம்தான் பேசுவார்கள். அவனும் என்னைத் தாண்டியே பதில் சொல்வான். ஐந்து வருடம் அதைப் பொறுத்துக்கொண்டேன். பொறுத்துக்கொண்டேன் என்று சொல்வதுகூடச் சரியில்லை, சேர்த்து வைத்துக்கொண்டேன்.

பழைய டீசல் வண்டியின் அடிச்சட்டம் துருப்பிடித்து, எஃப்.சி. தகுதிச் சான்று கிடைக்காது என்று ஆனதும் புது வண்டி வாங்க வேண்டியதாயிற்று. பொழிச்சலூர், அனகாபுத்தூர், குரோம்பேட்டை, மிஞ்சிப் போனால் மேடவாக்கம். அவ்வளவுதான் எங்கள் ஓட்டம். அதற்கு மின்சார வண்டி போதும் என்பதில் இருவருக்கும் ஒரே கருத்து. நாங்கள் கடைசியாக ஒத்துப்போன விஷயம் அதுதான்.

எந்த வண்டி என்பதில் ஆரம்பித்தது வினை. அவன் தினமும் கைப்பேசியில் வண்டிகளை ஒப்பிடும் வீடியோக்களைப் பார்த்து, பின்னால் மூடிய பெட்டி வைத்த பெரிய வண்டி ஒன்றில் மனதைப் பறிகொடுத்திருந்தான். பெட்டியின் இரு பக்கமும் கடைப் பெயரையும், கூடவே தன் படத்தையும் போட ஒரு டிசைன்கூடச் செய்து வைத்திருந்தான். கை கட்டிக்கொண்டு சிரிக்கிற படம். என் கணவர் படம் அதில் இல்லை. என் படத்தை நான் எதிர்பார்க்கவும் இல்லை.

ஒரு சனிக்கிழமை தாம்பரம் தாண்டி ஜி.எஸ்.டி. சாலையில் இருந்த ஷோரூமுக்குப் போனோம். கண்ணாடிக் கதவைத் திறந்ததுமே விற்பனையாளர் அவனுக்குக் கை கொடுத்தார்.

"வாங்க சார். மேடம், நீங்க ஏசி ரூம்ல உக்காருங்க, ஜூஸ் அனுப்புறேன்."

நான் உட்காரவில்லை. கைப்பையில் எப்போதும் இருக்கும் டேப்பை எடுத்துப் பெரிய வண்டியை அளக்கத் தொடங்கினேன். பெட்டியின் உள்நீளம் ஒன்பதரை அடி. நல்ல நீளம்தான். பன்னிரண்டடி அலுமினியக் கம்பிகளைக் குறுக்காகச் சாய்த்தால் கதவுக்கு வெளியே கொஞ்சம்தான் நீட்டும். ஆனால் தரையிலிருந்து கூரை வரை எட்டரை அடிக்கு மேல். கதவு பின்னால் மட்டும். கண்ணாடியை ஏற்றவும் இறக்கவும் வண்டிக்குப் பின்னால் ஆள் நிற்க ஏழெட்டு அடி இடம் வேண்டும். எங்கள் ஏரியாத் தெருக்களில் அந்த இடத்துக்கு எங்கே போவது?

மூலையில் சின்ன வண்டி ஒன்று நின்றது. ஏழடித் தளம், திறந்த வண்டி. மூன்று பக்கத் தடுப்பையும் கீழே இறக்கிவிடலாம். தளம் என் இடுப்புக்குக் கீழேதான் இருந்தது. நடுவில் கூரைபோல இருபுறமும் சரிந்த இரும்பு ஸ்டாண்டை வைத்தால், பக்கவாட்டிலிருந்தே இரண்டு பேர் கண்ணாடியைத் தூக்கி வைத்துவிடலாம். விலை ஏழரை லட்சம். பெரியது பதினொன்றைத் தாண்டியது, பெட்டி கட்டுகிற செலவு தனி. சின்னதைச் சாதாரணப் பதினைந்து ஆம்பியர் பிளக்கில் சார்ஜ் போடலாம். பெரியதற்குத் தனி இணைப்பு வாங்குவது நல்லது என்றார்கள்.

"இதுக்கு எவ்வளவு எடை தாங்கும்?" என்று கேட்டேன்.

விற்பனையாளர் அவனைப் பார்த்துப் பதில் சொன்னார். "சார், அது ஸ்டார்ட்டிங் மாடல். உங்க பிசினஸ் லெவலுக்கு செட் ஆகாது."

"பிசினஸ் என் பேர்ல இருக்குங்க."

"அண்ணி, மானத்த வாங்காதீங்க" என்றான் கொழுந்தன். பிறகு அவரிடம், "நீ சொல்லு தலைவா. இதுல ஸ்கிரீன் எம்மாம் பெருசு கீது?"

ஸ்கிரீன்! கண்ணாடி உடையாமல் போய்ச் சேருமா என்று கேட்க வேண்டியவன், பாட்டுக் கேட்கிற ஸ்கிரீனை விரலால் தடவிக்கொண்டிருந்தான். அவனுடன் பைக்கில் ஏறாமல் ஷேர் ஆட்டோ பிடித்துத் திரும்பினேன். வழி நெடுக அவனைத் திட்டிக்கொண்டே வந்திருக்கிறேன் போலிருக்கிறது. பக்கத்தில் இருந்த பெண்மணி கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

மறுவாரம் கடன் படிவங்களைக் கொண்டுவந்து என் மேசைமேல் போட்டான். கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருந்தது. எட்டு நாள் அதைத் தொடவில்லை.

"இன்னா அண்ணி, ஒரு கையெழுத்துக்கு இந்த பேஜாரா? அந்த மொட்ட வண்டிய எடுத்தா நம்மள எவன் மதிப்பான்? காய்கறி விக்கிறவன்னு நெனப்பான்."

"மதிக்கிறதுக்கு வண்டியா வாங்குறோம்? சாமான் ஏத்தத்தானே வாங்குறோம்."

"எங்கண்ணன் இருந்திருந்தா இன்னேரம் பெருசுதான் வாசல்ல நின்னுகினு இருக்கும்."

அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. செத்துப்போனவரைத் தன் கட்சியில் சேர்த்துக்கொள்கிறான். உடனே ஒன்று சொன்னேன். "சரி. ஷோரூம்ல ஒரு நாளைக்கு வண்டி குடுப்பாங்க இல்ல? நம்ம ஆர்டர் ஒண்ண அதுல ஏத்திப் பாப்போம். ஒழுங்கா போய்ச் சேர்ந்தா அன்னிக்கே கையெழுத்துப் போடுறேன்."

அவன் சந்தோஷமாக ஒத்துக்கொண்டான். எந்த ஆர்டர் என்பதை நான்தான் முடிவு செய்தேன்.

பொழிச்சலூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. குளியலறைத் தடுப்புக்கு டஃபன் என்கிற கெட்டிக் கண்ணாடிகள் இரண்டு, ஓர் ஆளுயர நிலைக்கண்ணாடி. ஒரு மாதம் முன்பு அளவெடுக்க நானே அந்தத் தெருவுக்குப் போயிருந்தேன். இன்டர்நெட், கேபிள் ஒயர்கள் எல்லாம் கொத்துக் கொத்தாய்த் தெருவின் குறுக்கே தொய்ந்து தொங்கும். கையைத் தூக்கிக் குதித்தால் தொட்டுவிடலாம் என்கிற உயரம். அதைப் பார்த்தவள் நான். அவனிடம் சொல்லவில்லை. மறந்துபோனேன் என்று இன்றைக்கு யாராவது கேட்டால் சொல்லிவிடலாம், ஆனால் மறக்கவில்லை.

காலை பத்து மணிக்கு ஷோரூம் டிரைவருடன் வண்டி வந்தது. கடை ஆட்கள் இருவர் கண்ணாடிகளை உள்ளே ஏற்றி ஸ்டாண்டில் கட்டினார்கள். ஸ்டாண்டைத் தளத்தோடு போல்ட் போட்டு முடுக்க அந்த வண்டியில் துளை இல்லை. கயிற்றால் கட்டினார்கள். கொழுந்தன் டிரைவர் பக்கத்தில் ராஜாபோல் உட்கார்ந்தான். ஆட்கள் பைக்கிலும் நான் என் ஸ்கூட்டியிலும் பின்னால் போனோம். வண்டி சத்தமே இல்லாமல் அழகாகத்தான் போயிற்று. எனக்கே ஒரு நிமிடம் பொறாமையாக இருந்தது.

தெருவுக்குள் திரும்பி முப்பதடி போயிருக்கும். ஒயர்க் கொத்து பெட்டியின் முன் விளிம்பில் மாட்டியது. டிரைவர் கவனிக்கவில்லை. வண்டி நகர நகர ஒயர்கள் இழுபட்டு, படீரென்று ஒரு கம்பத்திலிருந்து பிய்ந்துகொண்டு கூரைமேல் விழுந்தன. டிரைவர் பயந்துபோய்ப் பிரேக்கை மிதித்தார். உள்ளே மணல் மூட்டை அவிழ்ந்து கொட்டியதுபோல் ஒரு சத்தம். டஃபன் கண்ணாடி உடைந்தால் அப்படித்தான் பொடிப்பொடியாய்க் கொட்டும்.

இரண்டு பக்க வீடுகளிலிருந்தும் ஆட்கள் இறங்கி வந்துவிட்டார்கள். காதில் ஹெட்போனோடு ஓடிவந்த ஒரு பெண், "யாருங்க இந்த லாரிய உள்ள விட்டது? மீட்டிங்ல இருந்தேன், நெட்டே போச்சு!" என்று கத்தினாள். "வயர அறுத்தவன் கட்டிக் குடுத்துட்டுத்தான் போகணும்" என்று ஒரு பெரியவர் வண்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். கொழுந்தன் எல்லோரையும் கும்பிட்டான். அந்தக் கும்பிடைப் பார்க்க எனக்குக் குளிர்ந்தது. சொல்லத்தான் வேண்டும், மனசு குளிர்ந்துதான் போயிற்று.

நிலைக்கண்ணாடியாவது தப்பியதா என்று பார்க்க அவன் பின்கதவைத் திறந்து ஏறினான். அது ஏற்கெனவே குறுக்கே விரிசல் விட்டிருந்தது. இவன் தாங்கிப் பிடிப்பதற்குள் பாதி கழன்று உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. கையைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கியபோது சட்டையெல்லாம் இரத்தம். என் குளிர்ச்சி அந்த நிமிடத்தோடு போய்விட்டது.

"ஸ்கூட்டில ஏறு, ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்று துப்பட்டாவை அவிழ்த்து நீட்டினேன்.

அவன் வாங்கவில்லை. மேலே தொங்கிய ஒயர்களைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"போன மாசம் இந்தத் தெருவுக்கு அளவெடுக்க நீங்கதான வந்தீங்க?"

நீட்டிய துப்பட்டாவை மடக்கிக்கொண்டேன்.

"தெரிஞ்சேதான இட்டாந்த? சொல்லு. தெரிஞ்சேதான?"

அண்ணியும் போயிற்று, மரியாதையும் போயிற்று. தெருவே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. "தெரியும்" என்றேன். பொய் சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் அவனிடம் பொய் சொல்வது அவனுக்குப் பயந்ததுபோல் ஆகிவிடும் என்று தோன்றிற்று.

அவன் காறித் துப்பிவிட்டு ஓர் ஆட்டோவில் ஏறிப் போனான். கையில் ஏழு தையல். ஒயர்க்காரர்களுக்கும் கண்ணாடிக்கும் நான்தான் பணம் கொடுத்தேன். பெட்டியில் விழுந்த கீறலைப் பற்றி ஷோரூமிலிருந்து மூன்று நாள் கூப்பிட்டார்கள், அதற்கும் கொடுத்தேன்.

பிறகு அவன் கடைக்கு வரவில்லை. உறவுக்காரர்கள் வந்து உட்கார்ந்து பேசி, அவன் பங்கைப் பிரித்துக் கொடுத்தேன். எங்கள் ஆட்களில் நன்றாக வேலை தெரிந்தவரையும் கூட்டிக்கொண்டு கோவிலம்பாக்கத்தில் தனியாகக் கடை போட்டான். அதே பெட்டி வண்டியை வாங்கி, அதே படத்தையும் ஒட்டினான். வண்டி அங்கே பிரமாதமாக ஓடுகிறதாம். அந்தப் பக்கம் புதிதாகக் கட்டிய அடுக்ககங்களின் வாசல்கள் அகலம். அவன் புதிதாகச் செய்யத் தொடங்கிய சமையலறை அலமாரிகளின் பலகைகளை மழையில் நனையாமல் கொண்டுபோகப் பெட்டிதான் தோது. இதை என்னிடம் சொன்னவர்கள் எல்லாம் என் முகத்தையே பார்த்துக்கொண்டு சொன்னார்கள்.

நான் சின்னதை வாங்கினேன். பம்மல் சந்துகளில் அது நுழையாத இடமில்லை. ஆனால் முழு பாரம் ஏற்றினால் அவர்கள் சொன்ன தூரத்தில் முக்கால்வாசிதான் ஓடும் என்பதை ஒரு மத்தியானம்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தது.

காலையிலிருந்தே முழு பாரத்தோடு நாலைந்து நடை ஓடியிருந்தது. அடுத்து பள்ளிக்கரணையில் ஓர் ஆர்டர், நானும் கூடப் போனேன். போகும் வழியில் ரேடியல் சாலையில், கீழ்க்கட்டளை தாண்டியதும் வேகம் குறைந்து, வண்டி ஓரத்தில் நின்றுவிட்டது. என் டிரைவர், வண்டி வாங்கிய கம்பெனிக்குப் போன் செய்தார். இழுத்துப்போக வண்டி வர இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்கள். உச்சி வெயில். தளத்தில் ஆறு ஜன்னல் கண்ணாடிகள். நான் குடையோடு நின்றேன்.

பெட்டி வண்டி ஒன்று எங்களைத் தாண்டிப் போய், கொஞ்சம் தள்ளி நின்றது. பக்கவாட்டில் அவன் படம். அவனே இறங்கி வந்தான். என்னைப் பார்க்காமல் என் வண்டியை ஒருமுறை சுற்றி வந்தான். ஸ்டாண்டை ஆட்டிப் பார்த்தான். அது ஆடவில்லை, நான் போல்ட் போட்டு முடுக்கியிருந்தேன்.

"சார்ஜ் பூட்ச்சா?" என்று என் டிரைவரைக் கேட்டான்.

"ஆமாண்ணா."

"எங்க போணும்?"

"பள்ளிக்கரணை."

அவன் என் பக்கம் திரும்பினான். உள்ளங்கையில் அந்தத் தழும்பு தெரிந்தது. "என் வண்டி காலியாதான் கீது. மாத்தி ஏத்திக்கலாம்."

சிரிக்கவில்லை, குத்திக் காட்டவுமில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. உதவிதான் செய்கிறானா, ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிக்க ஒரு கதை தேடுகிறானா என்று தெரியவில்லை. அவன் அண்ணனைக் கட்டிக்கொண்டு நான் வந்த நாளிலிருந்து அவனை நீ என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். அன்றைக்கு வாயில் வேறு வந்தது.

"வேண்டாங்க. நீங்க கெளம்புங்க."

"வெயில்ல நிக்கிறீங்க."

"நின்னுக்கிறேன்."

அவன் தோளைக் குலுக்கிவிட்டுப் போய் ஏறிக்கொண்டான். என் டிரைவர் என்னைப் பார்த்த பார்வையில், எனக்குப் பைத்தியம் என்கிற முடிவு இருந்தது. இழுக்கிற வண்டி இரண்டு மணி நேரத்தில் வரவில்லை, மூன்றரை ஆயிற்று. பள்ளிக்கரணைக்காரர் ஆர்டரை ரத்து செய்துவிட்டு வேறு கடைக்குப் போய்விட்டார். யார் கடை என்று நான் விசாரிக்கவில்லை.