தேநீர்க் கோப்பை பிடித்த கை

அச்சகத்தில் அவருக்குக் கத்திரி என்று பெயர். வைத்தவர் மெஷின்காரர். வாடிக்கையாளர் எதைக் கொண்டுவந்து கொடுத்தாலும் அதில் பாதியை நீக்கிவிட்டுத்தான் வடிவமைக்கவே உட்காருவார் என்பதால் வந்த பெயர். கடை திறப்பு நோட்டீஸ் என்றால் முதலாளி படம், முதலாளியின் அப்பா படம், நாலு மூலையிலும் பூ, வானவில்லைப் போல எழுத்து என்று கேட்டு வருவார்கள். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொள்வார். பிறகு, ஒரு பக்கத்தில் ஒன்றுதான் பெரிதாக இருக்க முடியும், எல்லாமே கத்தினால் எதுவும் காதில் விழாது என்று ஆரம்பிப்பார். காசு கொடுத்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறீர்களே என்று சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. அந்தக் காலியிடம்தான் உங்கள் பெயரைத் தூக்கிக் காட்டுகிறது என்பார். முணுமுணுத்துக்கொண்டே போவார்கள், அடுத்த வேலைக்கும் அவரிடமே வருவார்கள்.

இத்தனைக்கும் மனிதர் எதையும் நிஜமாக வெட்டியதில்லை. கணினியில் படத்தை ஒரு சட்டத்துக்குள் வைப்பார். வேண்டாத பக்கம் சட்டத்தின் விளிம்பை உள்ளே தள்ளுவார். அந்தப் பகுதி மறையுமே தவிர அழியாது. நாளைக்கே வாடிக்கையாளர் மனம் மாறி வந்து நின்றால் யார் அவதிப்படுவது என்று அதற்கொரு நியாயமும் வைத்திருந்தார்.

அவர் மனைவியின் கையைப் பார்க்காதவர்கள் அந்த வட்டாரத்திலேயே இருக்க முடியாது. சோப்புக் கடை அட்டையில், எண்ணெய் டப்பாவில், தேயிலைப் பொட்டலத்தில் எல்லாம் இருந்தது அந்தக் கைதான். விளம்பரத்துக்குக் கை வேண்டும் என்றால் அவர் வெளியே ஆள் தேட மாட்டார். விடுமுறை நாளில் சமையலறை ஜன்னலோரம் அவளை நிறுத்தி, பொருளைக் கையில் கொடுத்துப் படம் எடுப்பார். அச்சுப் பக்கத்தில் ஏறும்போது மணிக்கட்டுக்கு மேலே எல்லாம் போய்விடும். முகம் என்று ஒன்று இருந்தால் பார்க்கிறவன் கண் நேரே அங்கேதான் போகும், சோப்பை எவன் பார்ப்பான் என்பது அவருடைய தொழில் கணக்கு. கணக்கில் தப்பு சொல்ல முடியாது.

அவளும் லேசுப்பட்டவள் இல்லை.

"ஊரெல்லாம் என் கை தொங்குது. மூஞ்சியக் காட்டினா உங்க வியாபாரம் படுத்துடுமோ?" என்பாள்.

முகம் வராது என்று தெரிந்ததால் தலைகூட வாராமல் வந்து நிற்பாள். மற்றபடி யார் கேமராவைத் தூக்கினாலும் முகத்தை மறைத்துக்கொண்டு உள்ளே ஓடிவிடுவாள். போகட்டும், பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று வீட்டில் எல்லோரும் விட்டுவிட்டார்கள். அந்தப் பிறகு வரவேயில்லை. நோய் தெரிந்தபோதே முற்றியிருந்தது. மழைக்காலம் முடிவதற்குள் அவள் போய்ச் சேர்ந்தாள்.

மறுநாள் காலை இரங்கல் அறிவிப்பு அடிக்க அவரே அச்சகத்துக்கு வந்தார். கூட மகளும், மனைவியின் அண்ணனும் வந்தார்கள். மெஷின்காரர் எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அறிவிப்பில் போட இரண்டே படங்கள் இருந்தன. ஒன்று கல்யாணத்தன்று எடுத்தது. அதில் இருந்த பெண்ணை மகளுக்கே அடையாளம் தெரியாது. இன்னொன்று அடையாள அட்டைப் படம். அதில் அவள் யாரோ அதட்டியதுபோல விழித்துக்கொண்டிருந்தாள். அறிவிப்பில் போகும் படம்தான் நாளை வீட்டுச் சுவரிலும் ஏறும். அவள் இனிமேல் எந்த முகத்தோடு இருக்கப்போகிறாள் என்பது இன்னும் கொஞ்ச நேரத்தில் முடிவாகிவிடும். மச்சான் அட்டைப் படத்தையே போட்டு முடிக்கச் சொன்னார், நேரம் ஆகிறது என்றார். சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் அந்தப் படத்தை அறிவிப்பில் வைக்கக் கத்திரிக்குக் கை எழவில்லை.

மகள் சுவரோரம் போய் நின்றிருந்தாள். அங்கே பழைய தேயிலை விளம்பரம் ஒட்டியிருந்தது. கோப்பையைப் பிடித்திருந்த விரல்களை அவள் தொட்டுப் பார்த்தாள்.

"அம்மா மூஞ்சி எங்கப்பா?" என்றாள்.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தேயிலை விளம்பரத்தைக் கணினியில் திறந்தார். சட்டத்தின் மேல் விளிம்பைப் பிடித்து மெல்ல இழுத்தார். மணிக்கட்டு வந்தது, முழங்கை வந்தது, தோள் வந்தது. பிறகு அவள் வந்தாள். தலை கலைந்து, அவரைப் பார்த்து, சிரிப்பை அடக்க முடியாமல் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். மகள் விம்மிவிட்டாள்.

அவரால் அத்தோடு நிறுத்த முடியவில்லை. சோப்பைத் திறந்தார், நாக்கைத் துருத்திக்கொண்டிருந்தாள். எண்ணெயில் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியாக எடுத்தது ஒரு பிஸ்கட் பொட்டலத்துக்கு. அதன் விளிம்பை இழுத்தபோது கன்னம் ஒட்டி, கண்ணுக்குக் கீழே கறுத்து, சுவரில் சாய்ந்து கண்ணை மூடி ஒருத்தி நின்றாள். கை மட்டும் பொட்டலத்தை அசையாமல் நீட்டியிருந்தது. மருத்துவரிடம் போவதற்குப் பல மாதம் முன்னால் எடுத்த படம். அன்று விரலில் நிழல் விழுகிறது, கொஞ்சம் தூக்கு, இன்னும் கொஞ்சம் என்று அவளை நெடுநேரம் நிற்கவைத்தது அவருக்கு ஞாபகம் வந்தது. நேர் எதிரே நின்றிருந்தும் அவள் முகத்தை அவர் பார்க்கவில்லை. விளிம்பைப் பழையபடி உள்ளே தள்ளிவிட ஒரு நொடி போதும். அவர் தள்ளவில்லை. அப்படியே சேமித்துவிட்டு, தேயிலைப் படத்தை எடுத்து அறிவிப்பில் வைத்தார்.

கீழே அவள் பெயர், அதற்குக் கீழே சிறிதாக நேரமும் இடமும். சுற்றிலும் வெறும் வெள்ளை. வழக்கமாக எல்லோரும் கேட்பதுபோல மச்சானும் பூ கேட்பார் என்று மெஷின்காரர் எதிர்பார்த்தார். அவர் கேட்டது வேறு.

"கையில கப்பு எதுக்கு மாப்ள? நல்லாவா இருக்கு? மூஞ்சி மட்டும் போதும், மிச்சத்த வெட்டிடுங்க."

கத்திரி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வேணாம் மச்சான்," என்றார். "இப்பத்தான் முழுசா வந்திருக்கா."