முதலாளி வெளுத்த கரிச்சான்

முதலாளியை நினைத்தால் எனக்கு முதலில் தோன்றுவது அவர் முகமல்ல, மௌசைப் பிடித்திருக்கும் அவருடைய வலது கை. தானா ராத்தா என்ற மலையூரின் கடைத்தெருவில், மாடிப்படி ஏறியதும் இருந்த அவருடைய ஸ்டூடியோவில், கணினித் திரை முழுக்க ஒரு மணப்பெண்ணின் முகம் நிற்கும். அவர் மௌசை மெல்ல வலப்பக்கம் நகர்த்துவார். முகம் வெளுக்கும். "இன்னும் கொஞ்சம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மறுபடி நகர்த்துவார். கன்னத்து மச்சம் போகும், மூக்கோரத்து நிழல் போகும், கடைசியில் கண்களும் பொட்டும் மட்டும் மிஞ்சும். "இப்பதான் பொண்ணு மாதிரி இருக்கு" என்பார். தேயிலைத் தோட்டத்து லய வீடுகளிலிருந்து வந்த மணப்பெண்களில் ஒருத்திகூட அவர் கையில் தப்பியதில்லை. அந்தப் பெண்கள் எல்லாரையும்விட அவர் கறுப்பு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நானும் லயத்து வீட்டில் பிறந்தவள்தான். படம் பிடிக்கும் ஆசையில் அவரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். என் அக்காவின் கல்யாணத்துக்கு அவரே வந்து படமெடுத்தார். ஆல்பத்தை அம்மா மடியில் வைத்துப் பிரித்தோம். அக்காவின் முகம் சுண்ணாம்பு அடித்த சுவர்போல இருந்தது. மருதாணி வைத்த கைகள் மட்டும் அவளுடைய கைகளாகவே இருந்தன. அக்கா கோபப்படவில்லை. "மூஞ்சிய மாத்திட்டு கைய மறந்துட்டாரு போல" என்று சொல்லி ஆல்பத்தை மூடினாள். அதை மறுபடி அவள் திறந்து நான் பார்த்ததில்லை. மறுநாள் முதலாளியிடம் கேட்டேன். "கறுப்பா இருந்தா யாரும்மா பார்ப்பாங்க? மாப்பிள்ள வீட்டுல காட்ட வேணாமா?" என்றார். மாப்பிள்ளை அக்காவைப் பார்த்துத்தான் கட்டிக்கொண்டார் என்பது அவர் மண்டையில் ஏறவே இல்லை.

கல்யாணங்கள் குறைந்துபோன ஒரு வருடத்தில் அவருக்குப் பறவைப் பைத்தியம் பிடித்தது. தலைநகரில் ஒரு பறவை ஆர்வலர் குழு கண்காட்சி வைக்கப்போகிறது, பரிசும் உண்டு என்று கேள்விப்பட்டதே காரணம். நீளமான லென்ஸ் ஒன்றை வாங்கினார். ஒரு காலைப் பொழுதில் தோட்டத்தின் மேல்மட்டத்துக்குப் போனோம். கொழுந்து வெட்டும் மெஷின் செடிகளின்மேல் ஓடும்போது பூச்சிகள் கிளம்பும். அவற்றைப் பிடிக்க, காட்டோரத்துப் பட்டமரத்திலிருந்து வெண்கலக் கரிச்சான் பாய்ந்து வரும். பார்வைக்குக் கறுப்பு. கொஞ்சம் பொறுத்துப் பார்த்தால் கழுத்திலும் இறக்கையிலும் பச்சையும் நீலமும் ஓடும்.

கறுப்புப் பறவையை எடுக்கும்போது கேமராவை நம்பக்கூடாது. அதன் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரத்தான் பார்க்கும். படம் நிறையக் கறுப்பு இருந்தால் இருட்டு என்று நினைத்து வெளிச்சத்தை ஏற்றிவிடும், பறவை சாம்பலாகிவிடும். பின்னால் வெள்ளை வானம் இருந்தால் வெளிச்சத்தைக் குறைத்துவிடும், பறவை கரித்துண்டாகிவிடும். அதனால் முன்னதற்கு நாம் குறைக்க வேண்டும், பின்னதற்குக் கூட்ட வேண்டும். சுள்ளென்ற வெயிலும் ஆகாது, இறகின் மினுக்கம் வெள்ளைத் திட்டாகிவிடும். பனி கொஞ்சம் விலகி, பக்கவாட்டில் மெல்லிய வெளிச்சம் விழும் நேரம்தான் சரி. கேமரா பாவம், இயந்திரம். முதலாளிக்கு இரண்டு கண்கள் இருந்தன.

"இருட்டா இருக்கும்மா, ஏத்து" என்றார் என் தோளுக்குப் பின்னாலிருந்து.

"அது கறுப்புக் குருவி, முதலாளி."

"கறுப்புன்னா கறுப்பாவே காட்டுறதா? அப்புறம் நாம எதுக்கு?"

சற்று நேரத்தில் குளிர் தாங்காமல், "நான் காடியில இருக்கேன், நீ பாரு லா" என்று இறங்கிக் காருக்குள் போய்விட்டார். நான் காத்திருந்தேன். காட்டுச் சரிவின் நிழல் பின்னணியாக இருந்ததால் வெளிச்சத்தைக் குறைத்து வைத்தேன். கரிச்சான் கிளைக்குத் திரும்பித் தலையைச் சாய்த்தது. கழுத்திறகுகள் ஒவ்வொன்றும் விளிம்பில் பச்சை கட்டித் தனித்தனியாகத் தெரிந்தன. என் வாழ்க்கையில் நான் எடுத்த முதல் நல்ல படம் அது.

கண்காட்சியில்தான் அதை மறுபடி பார்த்தேன். முதலாளியின் பெயரில் மாட்டியிருந்தது. மௌசை வலப்பக்கம் நகர்த்தியிருந்தார். பச்சை இல்லை, நீலம் இல்லை, இறகே இல்லை, சாம்பல் பூசிய பொம்மை ஒன்று உட்கார்ந்திருந்தது. அவர் பறவையின் பெயரை எழுதி அனுப்பவில்லை, தெரிந்தால்தானே எழுத. குழுவினர் நிறத்தைப் பார்த்து, கீழே "சாம்பல் கரிச்சான்" என்று எழுதிவிட்டார்கள். அது வேறொரு பறவை. அந்தப் படத்துக்கு ஆறுதல் பரிசும் கொடுத்தார்கள். குழுவைச் சேர்ந்த ஒரு அம்மாள் வந்து பாராட்ட, "ரொம்ப கஷ்டப்பட்டு எடுத்தேங்க" என்று முதலாளி குழைந்தார்.

அந்த அம்மாள் போனதும் சொன்னேன். "அது சாம்பல் கரிச்சான் இல்ல, முதலாளி. எடுத்தது நீங்களும் இல்ல."

"கேமரா யாருது? என்னுது. பரிசு எந்தப் பேருக்குக் கெடச்சிச்சோ அதான் குருவிக்குப் பேரு. யாருக்குத் தெரியப் போகுது?"

திருட்டைக்கூட மன்னித்திருப்பேன். திருடியதை உருப்படியாக வைத்துக்கொள்ளவும் தெரியாத மனிதரிடம் இனி என்ன வேலை என்று அந்த மாதமே நின்றுவிட்டேன்.

இப்போது பக்கத்து ஊரான பிரிஞ்சாங்கில் எனக்கென்று சிறிய கடை இருக்கிறது. பறவை பார்க்க வருகிறவர்களை மலைக்குக் கூட்டிப் போகிறேன். போன மழைக்காலத்தில் முதலாளியின் மகன் கடைக்கு வந்தான். அப்பா தவறிவிட்டார், வீட்டில் வைக்கப் பெரிய படம் வேண்டும் என்றான். பென்டிரைவில் இருந்ததை அச்சுக்கு முன் திரையில் போட்டேன். கோயில் திருவிழாவில் யாரோ எடுத்த படம். நன்றாகவே இருந்தது.

"ரொம்ப கறுப்பா இருக்காருக்கா. கொஞ்சம் ஏத்திக் குடுங்க லா."

"உங்கப்பா கறுப்புதான் தம்பி."

அவன் என்னைப் பார்த்தான், திரையைப் பார்த்தான், பென்டிரைவைக் கழற்றிக்கொண்டு வேறு கடைக்குப் போனான்.

மாலையில் துக்க வீட்டுக்குப் போனேன். மாலை போட்ட படத்துக்குள் ரோஜா நிறத்தில் ஒருவர் சிரித்துக்கொண்டிருந்தார். கும்பிட்ட கையோடு, எனக்குத் தெரிந்த மனிதரை அதில் கொஞ்ச நேரம் தேடினேன். மூக்குக்கண்ணாடி மட்டும் அவருடையது.