ரப்பரை ஒட்டி நின்ற கறுப்புப் பந்து

பிப்ரவரி 9 — 500
மார்ச் 22 — 1,500
ஜூன் 4 — 4,000, கட்டவில்லை
ஆகஸ்ட் 17 — 4,000, கட்டியாயிற்று

பில்லியர்ட்ஸ் ஆட்டக்காரர் ஒருவருக்கு எங்கள் சங்கம் போட்ட மூன்று அபராதங்களின் கணக்கு இது. மூன்றையும் எழுதிக் கொடுத்த நடுவர் ஒரே பெண்மணி. அவரைப் பற்றித்தான் எழுதுகிறேன். நான் சங்கத்தின் பதிவாளன். ஆட்டத்தின்போது புள்ளிப் பலகைக்குப் பக்கத்தில் உட்காருபவன்.

பந்தைத் தொடப் போடும் வெள்ளைக் கையுறையை டீ குடிக்கும்போதும் கழற்ற மாட்டார். அதனால் அவருக்குப் பெயரே 'கையுறை'. முன்பு பில்லியர்ட்ஸ் மேசைகளுக்குத் துணி மாற்றும் வேலை செய்தவர். பந்துக்கும் மேசை விளிம்பின் ரப்பருக்கும் நடுவே தலைமுடி நுழையுமா என்று எட்ட நின்றே சொல்லிவிடுவார். கணவர் லாரி ஓட்டுநர். வாரத்தில் பாதி நாள் வெளியூர். வீட்டில் அவரும் ஒன்பது வயது மகளும்தான்.

அபராதம் வாங்கியவரை 'மாப்பிள்ளை' என்பார்கள். எந்த ஆட்டத்துக்கும் கல்யாணத்துக்கு வருவதுபோல உடுத்தி வருவார். கோபம் மூக்குக்கு மேலே. ஒருமுறை கோல் நுனியில் தேய்க்கும் சாக்குக்கட்டியை விட்டெறிந்தார், ஒருமுறை நடுவரை ஏசினார், மூன்றாவது முறை கோலை மேசையில் அடித்து முறித்தார். அவருடைய அண்ணன் வேறு ரகம். குரலை உயர்த்தவே மாட்டார். தம்பி மேல் பந்தயம் கட்டுகிற பணமெல்லாம் அவர் கை வழியாகத்தான் போகும். முன்வரிசையில் அவர் வந்து உட்கார்ந்தால் பக்கத்து நாற்காலிகள் காலியாகிவிடும்.

ஜூன் கடைசியில் இறுதி ஆட்டம். அதற்கு முந்தின நாள் கையுறை பள்ளிக்குப் போனபோது மகளைக் காணவில்லை. மூச்சிரைக்க வீட்டுக்கு ஓடி வந்தால், வாசலில் மாப்பிள்ளையின் அண்ணனுடைய கார். பின் சீட்டில் குழந்தை ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தது.

"மழை வர்ற மாதிரி இருந்துச்சு, தங்கச்சி. பாப்பா நனையக் கூடாதுல்ல?"

அண்ணனே கதவைத் திறந்து குழந்தையை இறக்கிவிட்டார்.

"தொண்டையைப் பாத்துக்கோங்க. நாளைக்குத் தொண்டை கட்டிக்கிட்டாலும் யாரும் உங்களைத் தப்பா நினைக்க மாட்டாங்க."

விஷயம் தெரிந்துதான் பேசினார். ஒரு பந்து ரப்பரை ஒட்டி நின்றால், அடிப்பதற்கு முன் நடுவர் "ஒட்டியிருக்கு" என்று உரக்கச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு அந்தப் பந்தை அதே ரப்பரில் சும்மா அழுத்திவிட்டுத் தப்பிக்க முடியாது, அது ஃபவுல்; எதிராளி வெள்ளைப் பந்தைக் கையில் வாங்கி, விரும்பிய இடத்தில் வைத்து அடிக்கலாம். சொல்லாவிட்டால், ஒட்டவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

போனில் கணவர், "உடம்பு சரியில்லைன்னு சொல்லிட்டு வீட்ல இரு" என்றார்.

"போகலைன்னா நான் பயந்துட்டேன்னு அவருக்குத் தெரிஞ்சுடும். அப்புறம் எந்த ஆட்டம்னாலும் பள்ளிக்கூட வாசல்ல அந்தக் கார் நிக்கும்."

மறுநாள் மகளைப் பக்கத்து வீட்டில் விட்டு, யார் தட்டினாலும் திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார்.

எதிராளி 'வாத்தியார்', நிதானமான ஆட்டக்காரர். இருவரும் சமநிலையில் இருந்த கடைசிச் சுற்றில், இருவருக்கும் கறுப்புப் பந்து மட்டும்தான் பாக்கி; அதைக் குழியில் போட்டவர் ஜெயிப்பார். அது விளிம்போரம் நின்றது. அடிக்க வேண்டியவர் மாப்பிள்ளை. கையுறை டார்ச்சை எடுத்துக்கொண்டு குனிந்தார். வெளிச்சம் துணிமேல் நடுங்கியது. நிமிர்ந்தார்; உதடு அசைந்தது. எனக்கு எதுவும் கேட்கவில்லை.

மாப்பிள்ளை அவர் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, வெள்ளைப் பந்தை மெல்லத் தட்டினார். கறுப்புப் பந்து ரப்பரில் அழுந்தி நின்றது. வெள்ளை அதன் பின்னால் ஒண்டிக்கொண்டது.

வாத்தியார் எழுந்தார். "அது ஒட்டித்தானே இருந்துச்சு, மேடம்? சொன்னீங்களா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். விதிப்படியும் சரியாக இருக்கும், வீட்டுக்கும் ஆபத்தில்லை. கையுறை முன்வரிசையைப் பார்த்தார்.

"சொன்னேன். சத்தம் வந்துச்சான்னு எனக்கே தெரியலை."

என்னைக் கேட்டார்கள். கேட்கவில்லை என்றேன். மேசையைச் சுற்றி இருந்தவர்களும் அதையேதான் சொன்னார்கள்.

மாப்பிள்ளை கையுறையின் அருகில் போனார். "ஏன்க்கா இப்படி நடுங்குறீங்க?"

அவர் கண் போன திசையில் மாப்பிள்ளையும் பார்த்தார். அண்ணன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளையின் முகம் வெளுத்துவிட்டது.

"எனக்குக் கேட்டுச்சு. ஃபவுல்தான்."

"கேட்டிருந்தா அப்படி அடிப்பியாடா?" அண்ணன் மெதுவாகத்தான் கேட்டார்.

"அடிச்சேன். தப்பா அடிச்சேன்." வெள்ளைப் பந்தை எடுத்து வாத்தியார் கையில் வைத்தார். அண்ணன் எழுந்து வெளியே போனார்.

வாத்தியார் ஜெயித்தார். கைதட்டல் அடங்கும் முன்பே கையுறை பையைத் தூக்கிக்கொண்டார். கதவருகே மாப்பிள்ளையிடம், "உண்மையிலேயே கேட்டுச்சா?" என்றார்.

"உதடு அசைஞ்சதைப் பார்த்தேன்க்கா. சீக்கிரம் வீட்டுக்குப் போங்க. அவன் கார் போயிடுச்சு."

குழந்தை பத்திரமாக இருந்தது. ஆனாலும் அதன் பிறகு கையுறை எந்த ஆட்டத்துக்கும் வர ஒப்புக்கொள்ளவில்லை. தெருவில் ஒரு கார் வேகம் குறைத்தால் அடுப்பை அணைத்துவிட்டு ஜன்னலுக்கு ஓடுவார். மாப்பிள்ளையையும் எந்த மேசையிலும் காணோம்.

கடைசியாக சங்கத்துக்கு அவரிடமிருந்து ஒரு கடிதம், பாக்கி அபராதத்தோடு. எழுத்து கோணல்மாணலாக இருந்தது. இடது கையால் எழுதுவதாக அவரே குறிப்பிட்டிருந்தார். "அக்காவை வேலைக்கு வரச் சொல்லுங்கள். அண்ணன் இனி அவர் வீட்டுப் பக்கம் போக மாட்டான். அந்தக் கோபத்தை என்மீது தீர்த்துக்கொண்டான். என்னால் இனிமேல் கோல் பிடிக்க முடியாது."

கையுறையிடம் படித்துக் காட்டினேன். கேட்டு முடித்ததும், எழுந்து போய்த் தாழ்ப்பாளை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தார்.

கடிதம் வந்த தேதி ஆகஸ்ட் 17.