பூஜையில் வைத்த குரல்

அழிந்துபோன கோப்புகளை மீட்டுத் தரும் தொழிலில் எனக்கு வரும் போன்கள் எல்லாம் ஒரே வாக்கியத்தில்தான் தொடங்கும்: "சார், நான் ஒண்ணுமே பண்ணலை, அதுவா போயிடுச்சு." நீங்களும் ஒருமுறையாவது இதைச் சொல்லியிருப்பீர்கள். வெட்கப்பட வேண்டாம். டெலீட்டை அழுத்திய அடுத்த நொடி "ஐயோ" என்று கத்தியவர்கள் எல்லோரும் நமக்குச் சொந்தக்காரர்கள்தான்.

என் கடை தஞ்சாவூரில், புது ஆற்றைப் பார்த்த மாடியில் இருக்கிறது. அழிந்ததைத் தேடுவதற்காக ஒரு சர்வரை நகலெடுக்கப் போட்டுவிட்டால் அது முடியும்வரை எனக்கு வேறு வேலை கிடையாது. ஜன்னலோரம் உட்கார்ந்து தண்ணீர் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பார்க்கிறவர்களுக்கு நான் தூங்குவதாகத் தோன்றும். பாதி உண்மை.

உளுந்து

அழித்த கோப்பு உடனே மறைந்துவிடாது. அது இருந்த இடம் காலி என்று சர்வர் குறித்துக்கொள்ளும், அவ்வளவுதான். அறுத்த வயலில் தாள் நிற்கிற மாதிரி உள்ளே எல்லாம் அப்படியே இருக்கும், அதன்மேல் வேறு எதையாவது எழுதும்வரை. அதனால்தான் போனை எடுத்ததும் "கை வைக்காதீங்க" என்று கெஞ்சுகிறேன். யார் கேட்கிறார்கள்?

ஒரு விதைப் பண்ணையில் பல போகங்களாக எடுத்த பயிர்ப் படங்களைத் தவறுதலாக அழித்துவிட்டார்கள். நான் போய்ச் சேர்வதற்குள் மேலாளர், சர்வரில் இவ்வளவு இடம் கிடக்கிறதே என்று தன் மகள் கல்யாண வீடியோவை முழுசாக அதில் ஏற்றிவிட்டார். கதிரைத் தேடிப் போன எனக்கு மாப்பிள்ளை அழைப்பும் பந்தியும்தான் கிடைத்தன. ஏன் சார் இப்படி என்று கேட்டேன். அவர் கொஞ்சமும் கலங்கவில்லை. "நெல்லு அறுத்த வயலைச் சும்மாவா போட்டு வைப்போம்? உளுந்து தெளிக்கிறதில்லையா, அது மாதிரிதான் சார்."

சந்தனம் வைத்த சர்வர்

ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருக்கும் செல்வம் ஒரு விஜயதசமி காலையில் போன் செய்தார். அழுதுகொண்டே பேசினார். ஆயுத பூஜைக்காக முதல் நாள் கூடத்தை ஒட்டடை அடித்து, மைக்கையும் மிக்ஸரையும் துடைத்தவர், அதே வேகத்தில் சர்வருக்குள்ளும் புகுந்து பழைய குப்பைகளை அழித்திருக்கிறார். சுத்தம் செய்யாமல் சாமிக்கு முன் வைக்கலாமா? பிறகு சர்வரை அணைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, பூச்சரம் சாத்தி, பொரிகடலையோடு பூஜையில் வைத்துவிட்டார்.

மாலையில்தான் சுபைதாம்மா போனில் கேட்டிருக்கிறார், "எங்க வீட்டுக்காரரோட குரலை நாளைக்கு வந்து வாங்கிக்கலாமா?" என்று. அவர் கணவர் ஜமால் பாய் அதிராம்பட்டினத்தில் மீன் ஏலம் விடுபவர். தொண்டையில் புற்றுநோய். குரல்வளையையே எடுத்தாக வேண்டும் என்று டாக்டர்கள் சொன்னதும், அதற்கு முன் செல்வத்தின் கூடத்தில் உட்கார்ந்து வாக்கியம் வாக்கியமாகப் பேசிப் பதிவு செய்திருந்தார். அதை வைத்து, போனில் எதை எழுதினாலும் அவர் குரலிலேயே பேசும்படி செய்து தருவதாக ஏற்பாடு. ஆபரேஷன் முடிந்துவிட்டது. இனி அந்தக் குரலை மறுபடி பதிவு செய்ய உலகத்தில் யாராலும் முடியாது. செல்வம் குப்பை என்று அழித்தவற்றில் அதுவும் ஒன்று.

"அதுக்கப்புறம் சர்வர்ல ஏதாவது பண்ணீங்களா?" என்று கேட்டேன். பயத்தில் எதையாவது இறக்கி, ஏற்றி, உளுந்து தெளித்திருப்பார் என்றே நினைத்தேன். செல்வம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னார்: "ஆன் பண்ணத்தான் ஓடினேங்க. பூஜையில வச்சதை மறுபூஜை முடியாம தொடக்கூடாதுன்னு என் சம்சாரம் குறுக்க வந்து நின்னுட்டா, விரலைக்கூட வைக்க விடலை."

ஆசை

செல்வத்தின் சம்சாரத்துக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, மறுபூஜை முடிந்ததும் சர்வரைத் தூக்கி வந்தேன். நகல் ஓடத் தொடங்கியபோது, செல்வம் விவரம் சொல்லி, சுபைதாம்மாவும் ஜமால் பாயும் பஸ் பிடித்து வந்துவிட்டார்கள். பாய் கழுத்தில், மூச்சு விடும் துளையை மறைத்து, ஈரத் துணி ஒன்றைத் தளர்வாகச் சுற்றியிருந்தார். பெரிய தோள்கள், கூட்டத்தை அடக்கிப் பழகிய கண்கள். சர்வரின் பச்சை விளக்கைச் சுட்டி, பிறகு தன் தொண்டையைச் சுட்டி, புருவத்தை உயர்த்தினார். இதற்குள்ளேயா இருக்கிறேன் என்று கேட்கிறார். இருக்கலாம் என்று சொன்னேன். நிச்சயம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஆற்றுத் தண்ணீர் மண் நிறத்தில் சுழித்துக்கொண்டு போனது. மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். சுபைதாம்மா என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "இவுங்க கடற்கரையில தொண்டை கிழியக் கத்திட்டு வருவாங்க, வீட்டுல வாயே திறக்க மாட்டாங்க தம்பி. இப்பத்தான் எங்கிட்ட பேசணும்னு ஆசை வந்திருக்கு, குரல்தான் இல்லை."

மழை பெய்த மத்தியானம்

மறுநாளும் மழை விடவில்லை; மத்தியானம் கோப்புகள் கிடைத்தன. ஆனால் பெயர்கள் போய்விட்டிருந்தன. எது பாயின் குரல், எது விளம்பரம், எது கோயில் திருவிழா அறிவிப்பு என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் பிரிக்க வேண்டும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினேன். "தண்ணி குடுங்க." "வெயில் ஜாஸ்தியா இருக்கு." "கதவைச் சாத்து." உப்புக்காற்று ஏறிய அகலமான குரல். மழைச் சத்தம் எனக்கு வெளியிலா, பதிவுக்கு உள்ளேயா என்று தெரியாமல் மிதந்துகொண்டிருந்தேன். நடுவில் அவர் சிரிக்கிறார், இருமுகிறார், கேட்காமலே வஞ்சிரத்துக்கு விலை கூவிக் காட்டுகிறார்.

சில துண்டுகள் பழுதாகித்தான் இருந்தன. போதுமான அளவு தேறிவிட்டது. கடைசிப் பதிவில் வாக்கியம் எதுவும் இல்லை. நாற்காலி நகரும் சத்தம், பிறகு செல்வத்திடம் அவர் களைப்பாகச் சொல்வது மட்டும்: "போதும்பா, வலிக்குது. மிச்சத்தை இன்னொரு நாள் பேசிக்கலாம்." நான் ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன்.

முதல் பேச்சு

குரல் தயாரானதும் செல்வம் அவர்களை என் கடைக்கே அழைத்து வந்தார். ஜமால் பாய் போனை மடியில் வைத்து, ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினார். என்ன சொல்லப் போகிறார் என்று நான் ஏதேதோ கற்பனை செய்துகொண்டிருந்தேன். ஏலம் விடுவார் என்று செல்வம் எதிர்பார்த்திருக்கிறார். பாய் பொத்தானை அழுத்தினார். கொஞ்சம் தூக்கக் கலக்கத்தில் பேசுகிற மாதிரி, ஆனால் சந்தேகமே இல்லாமல் அதே அகலக் குரல் அறைக்குள் எழுந்தது: "சுபைதா, நீ சாப்பிட்டியா?"

சுபைதாம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துத் தண்ணீர் எடுக்க எழுந்தேன். அவர் சிரித்துக்கொண்டும் இருந்தார். "கல்யாணம் ஆன நாள்லேருந்து இவுங்க வாயிலேருந்து இந்தக் கேள்வியை நான் கேட்டதே இல்லை தம்பி!"

நான் மீட்டுக் கொடுத்த கோப்புகள் எதிலும் அந்த வாக்கியம் இல்லை, அது எங்கிருந்து வந்தது என்று தயவுசெய்து என்னைக் கேட்காதீர்கள், எனக்குத் தெரிந்ததெல்லாம் ஏற்கெனவே இருந்து அழிந்ததைத் தேடும் வேலை மட்டும்தான்.