நாலு விரல் கூடுதல்

ஊதா நிறத்தில் ஒரு ஜாக்கெட். காற்று புகுந்து, உள்ளே யாரோ இருப்பது போல உப்பி நிற்கிறது. சின்னம்மா அதன் இரண்டு தோள்களையும் பிடித்து உயர்த்தியிருக்கிறார். பின்னால் தென்னைகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்கின்றன. குழந்தைக்குப் பால் கொடுத்தபடி கண்ணை மூடினால் எனக்கு முதலில் வருவது இந்தக் காட்சிதான். கேரள எல்லையில் இருக்கும் எங்கள் மீனாட்சிபுரத்தில் ஆடிக் காற்றுக்கு ஓய்வே கிடையாது. நான் வாழ்க்கைப்பட்டு வந்த மலையூரான வண்டிப்பெரியாரிலோ துணி காய இரண்டு நாள் ஆகும். பனி வந்து கொடியிலேயே உட்கார்ந்துகொள்கிறது.

சின்னம்மா என் அப்பாவின் தம்பி மனைவி. நாலு மாடு வைத்து சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறவர். மலையாளச் சேனல் ஒன்றின் எடை குறைக்கும் போட்டிக்குத் தேர்வாகி, கொச்சியில் மூன்று மாதம் இருந்துவிட்டுப் பாதி ஆளாகத் திரும்பினார். வாசலில் சித்தப்பாவே ஒரு நிமிஷம் தயங்கினார். சொசைட்டியில் பால் அளப்பவர் மட்டும், "டிவிக்கார அம்மிணி வந்தாச்சு. இனி பால்லயும் கொழுப்பு கொறஞ்சிருமோ என்னமோ" என்றார்.

"உங்க வாய்க்கொழுப்பு இருக்கற வரைக்கும் சொசைட்டிக்கு ஒண்ணும் கொறையாதுங்க" என்று சொல்லிக் கேனை நீட்டினார் சின்னம்மா.

பேட்டி எடுக்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். நான் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். சின்னம்மா தமிழில் சொல்வதை மலையாளத்தில் சொல்லும் வேலை எனக்கு. என்ன சாப்பிட்டீர்கள், வீட்டுக்காரர் என்ன சொன்னார் என்று கேள்விகள் மாறவே மாறாது. முடிவில் பழைய ஜாக்கெட்டை உயர்த்திப் பிடிக்கச் சொல்வார்கள். "இனி ஒருநாளும் பழையபடி ஆகமாட்டேன்" என்று எல்லாப் பேட்டியிலும் வந்த வரி சின்னம்மா சொன்னதல்ல. நானாகச் சேர்த்தது. கேட்க நன்றாக இருக்கும் என்று நினைத்தேன்.

கொச்சியில் அளந்து தட்டில் வைத்துக் கொடுத்தார்கள். இங்கே விடியுமுன் சாணி, கறவை, புல்லுக்கட்டு. பசித்தபோது கிடைத்ததைச் சாப்பிட வேண்டும். உடம்பு மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. அவர் முகத்தில் கவலை இருந்ததா, என் கவலையைத்தான் அங்கே பார்த்தேனா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. ஒரு வருடம் கழித்து அதே சேனல் மறுபடி வருவதாகச் சொன்னபோது எனக்குத் தூக்கம் போயிற்று. பழைய ஜாக்கெட்டைப் பிடித்துக் காட்டினால் அதில் வித்தியாசமே இருக்காது. ஊர் சிரிக்கும். நான் சேர்த்த வரியும் பொய்யாகிவிடும்.

அதனால் ஒரு காரியம் செய்தேன். யாருக்கும் சொல்லாமல் பொள்ளாச்சிக்குப் போய் அதே ஊதாவில் துணி வாங்கினேன். தையல்காரரிடம் பழையதைக் கொடுத்து, பக்கத்துக்கு நாலு விரல் கூட்டித் தைக்கச் சொன்னேன். புதுப்பளபளப்பு போக ஏழெட்டுத் தடவை துவைத்தேன். பேட்டியன்று பழையதை எடுத்துவிட்டு இதை மடித்து வைத்தேன்.

தென்னந்தோப்பில் நிற்க வைத்து, "அன்றைக்குப் போட்டிருந்தது இதுதானே?" என்று கேட்டாள் பேட்டி எடுத்த பெண். சின்னம்மா தூக்கிப் பிடித்தார். காற்று அதை நிரப்பியது. இடது தோளைப் பார்த்தார். ஒரு தடவை மாட்டுக் கொம்பு பட்டுக் கிழிந்ததைக் கறுப்பு நூலால் அவரே தைத்திருந்த இடம் அது. இதில் தையல் இல்லை. பிறகு என்னைப் பார்த்தார்.

"இது என்ற ஜாக்கெட் இல்லீங்க. என்னோடது இப்ப எனக்கே சரியா இருக்குது."

அந்தப் பெண் மொழிபெயர்ப்புக்காக என் பக்கம் திரும்பினாள்.

"அப்படியே சொல்லு கண்ணு" என்றார் சின்னம்மா.

சொன்னேன். அது யாருடைய ஜாக்கெட் என்று அவள் கேட்டதற்கு, "மாறிப் போச்சுங்க" என்று மட்டும் சொன்னார். பேட்டியின் அந்தப் பகுதியை டிவியில் எத்தனையோ தடவை போட்டுக் காட்டினார்கள். சின்னம்மா மறுநாளும் சொசைட்டிக்குப் போனார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. கல்யாணமாகி இந்த மலைக்கு வந்துவிட்டேன். கேட்காமல் விட்டது மட்டும் கூடவே வந்தது.

இப்போது என் மகளுக்கு ஐந்து மாதம். ஒவ்வொரு தடவையும் ஆஸ்பத்திரி எடைத்தட்டில் அவளைக் கிடத்தும்போது, முள் இன்னும் கொஞ்சம் நகரட்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். பால் போதவில்லையோ, நான்தான் சரியாகச் சாப்பிடவில்லையோ என்று திரும்பி வரும் வழியெல்லாம் யோசனை. பிரசவத்துக்குப் பிறகு என் ஜாக்கெட் ஒன்றும் சேரவில்லை. போனில் அதைச் சொன்ன மறுவாரம் சின்னம்மாவிடமிருந்து பார்சல் வந்தது. உள்ளே தோளில் கறுப்புத் தையல் இல்லாத அந்த ஊதா ஜாக்கெட். பால் கொடுக்கத் தோதாக முன்பக்கம் கொக்கி மாற்றித் தைத்திருந்தது.

போன வாரம் வேறொரு சேனலிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். போட்டியில் கலந்துகொண்டவர்கள் இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று நிகழ்ச்சியாம். நானே மறுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு சின்னம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"வரச் சொல்லு கண்ணு. கறவை நேரத்துக்கு மட்டும் வேண்டாம்னு சொல்லீரு."

"மறுபடி எதையாவது தூக்கிப் புடிக்கச் சொல்லுவாங்க சின்னம்மா."

"நீயும் புள்ளையக் கூட்டிட்டு வா. அவளப் புடிச்சுக்கறேன். கைக்கு வேற வேல இருக்காதல்லோ."

"அன்னைக்கு அந்த ஜாக்கெட்ட நான்தான்..."

"தெரியுங்கண்ணு. அன்னைக்கே போட்டுப் பாத்துட்டேன்." அந்தப் பக்கம் ஒரு மாடு கத்தியது. சின்னம்மா சிரிப்பை அடக்குவது கேட்டது. "நாலு விரல் எச்சா இருந்துச்சு. ஏங்கண்ணு, அத்தன பெருசாவா தெரிஞ்சேன் உனக்கு?"

போனை வைத்த பிறகும் சிரித்துக்கொண்டிருந்தேன், கொஞ்சம் அழுதுகொண்டும். வெளியே பனி. கொடியில் ஊதா ஜாக்கெட் காற்றில்லாமல் தொங்குகிறது. இன்னும் ஈரம். தொட்டுப் பார்த்துவிட்டு, காயட்டும் என்று விட்டுவிட்டேன். ஊருக்குப் போகும்போது அதைத்தான் போட்டுக்கொள்ளப் போகிறேன்.